முழங்கால் உயரம்

க்ளெண்டா ஃப்ரீசன் கூடத்தைப் பார்க்கவில்லை.
வந்ததும் நிலவறைக்கு இறங்கினாள்.
"மேலே இருப்பதெல்லாம் முகப்பூச்சு.
வின்னிபெக்கில் வீடு என்பது
கீழே இருப்பது."

ஏப்ரல். தெருவோரம் அழுக்குப் பனி கரைந்து
ஓடிக்கொண்டிருந்தது.
பூட்ஸைக் கழற்றிவிட்டு சிமென்ட் தரையில் நடந்தாள்.
"கண்ணை நம்பாதே டார்லீன்,
காலுறையை நம்பு."

அன்று அவள் சொன்னதில் பாதி மறந்துவிட்டது.
மிச்சம்:
மழையில் ஒருமுறை, ராத்திரியில் ஒருமுறை வந்து பார்.
ரொட்டி வாசம் அடித்தால் ஜன்னலைத் திற,
அது வேறொரு வாசத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது.
வங்கி தருகிறேன் என்பது வங்கியின் ஆசை,
உன் சம்பளமல்ல.
ஏன் விற்கிறாய் என்று விற்பவனிடம் கேட்காதே,
அந்தத் தெருவில் நாயோடு நடப்பவரிடம் கேள்.
ஒரே ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயின்ட் என்றால்
உள்ளங்கையை வைத்து
இருபது வரை எண்ணு.

ஓரெஸ்ட் சிரித்தான். நான் எண்ணினேன்.
பதினான்கில் முழங்கை வரை குளிர் ஏறியது.
"அப்போ வேண்டாமா?"
"வேண்டாமென்று யார் சொன்னது?
எட்டாயிரம் குறைத்துக் கேள்."

ஆறாயிரம் குறைத்தார்கள்.
வாங்கிவிட்டோம்.

பத்தொன்பது வருடம்.
இந்த ஊரின் களிமண் கோடையில் சுருங்கும்,
வசந்தத்தில் வீங்கும்.
சமையலறைக் கதவு ஆகஸ்டில் மூடும், மே மாதத்தில் மூடாது.
வீட்டோடு சேர்த்து ஒரு காதையும் வாங்கியிருந்தோம்:
நீரிறைக்கும் மோட்டார் ஓடுகிறதா என்று
தூக்கத்திலும் கேட்டுக்கொண்டே இருக்கும்.
ஒரு ராத்திரி மின்சாரம் போனது.
அவனுடைய ஹாக்கி மட்டைகள்
படகுக்குக் காத்திருந்தவை போல மிதந்தன.
விடியும் வரை வாளி மாற்றினோம்.
அவ்வளவு சண்டை அதற்கு முன்னும் போட்டதில்லை,
அவ்வளவு சிரித்ததுமில்லை.

பிறகு இருமல்.
ஈரச் சுவர் ஆகாது என்றார் டாக்டர்,
வீட்டைப் பார்க்காமலே.

க்ளெண்டா மறுபடி வந்தாள்.
இடுப்பு வலி, கைப்பிடியைப் பற்றிப் பற்றி இறங்கினாள்.
போன வாரம் ஓரெஸ்ட் அடித்திருந்தான்,
முட்டையோட்டு வெள்ளை, முழங்கால் உயரத்துக்கு.
சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.
மனசுக்குள் நான் எண்ணினேன்.
பதினொன்றில் எடுத்துவிட்டாள்.
"நல்ல நிறம்."

படிவத்தில் ஈரம் என்ற கேள்விக்கு
மூன்று கட்டங்கள்: ஆம், இல்லை, தெரியாது.
ஓரெஸ்ட் பேனாவை ரொம்ப நேரம் வைத்திருந்தான்.
தெரியாது.

"காலையில் ரொட்டி சுடு" என்றாள் க்ளெண்டா
என் முகத்தைப் பார்க்காமல்.
"ஃபோட்டோக்களை எடுத்துவிடு.
எல்லா விளக்கும் எரியட்டும்,
நிலவறை மட்டும் வேண்டாம்.
பார்க்க வரும்போது நீங்கள் வீட்டில் இருக்கக் கூடாது."

அதனால் தெருக்கோடியில், காருக்குள்.
இன்னும் சூடாக ஒரு ரொட்டி என் மடியில்;
ஒன்று போதும் என்று இன்னொன்றை எடுத்து வந்திருந்தேன்.
மகாராயெக் தம்பதி. அவள் இடுப்பில் குழந்தை.
அவர்களுடைய ஏஜென்ட், சின்னப் பையன்,
ஃபோனிலிருந்து தலை நிமிரவில்லை.
வாசற்படியில் அவள் குனிந்து
ஷூவைக் கழற்றினாள்.
யாரும் சொல்லித் தரவில்லை, அவர்கள் வழக்கம் அது.
பிறகு குழந்தையின் ஷூவையும்.

கூடத்தில் நிழல் அசைந்தது.
மாடியில் அசைந்தது.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் தரையோடு தரையாக இருக்கும் அந்தச் சின்ன ஜன்னலில்
வெளிச்சம் வந்தது.

ஓரெஸ்ட் ரேடியோவைப் போட்டான்.
அணைத்தேன்.

பதினொன்றைத் தாண்டிவிட்டது.