தலையை ஆட்டாதீங்க

பகலில் அந்த எந்திரம் நோயாளிகளுக்கு.
ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் ஆராய்ச்சிக்கு.
மேலே அவிநாசி சாலையில்
திருப்பூர் வண்டிகள் ஹார்ன் அடித்துப் போகும்.
கீழ்த்தளத்தில் குளிர்.
என் மேசையில் ஆறிய டீ, பாதி தேங்காய் பன்,
மார்ச் மாதம் முடிகிற என் ஒப்பந்தத்தின் நகல்.

இன்றைக்கு வந்தவர் நாற்பத்தேழு.
பெயர் கோப்பில் இருக்கக் கூடாது.
சோமனூர்க்காரர். பன்னிரண்டு தறி ஓட்டியவர்.
வயது அறுபத்தெட்டு. இது இரண்டாவது முறை.
மோதிரம், வெள்ளி அரைஞாண், பல்செட்டு
ஒவ்வொன்றாகக் கழற்றி
மனைவியின் முந்தானையில் போட்டார்.
மயிலாத்தாள் முடிச்சிட்டுக்கொண்டார்.
அவருக்குப் பெயர் உண்டு; அவர் ஆய்வில் இல்லை.

எல்லாரும் சத்தத்துக்குத்தான் பயப்படுவார்கள்.
இவர் தூங்கிவிட்டார்.
"தறி மாதிரியே இருந்துச்சுங்க.
அது நின்னாத்தான் எனக்கு முழிப்பே வரும்."
தூங்கினால் ஆகாது.
சும்மா இருக்கிற மூளை வேறு, தூங்குகிற மூளை வேறு.
எனக்கு வேண்டியது சும்மா இருக்கிறது,
எட்டு நிமிடம்.

மைக்கில் சொன்னேன்:
"கண்ணைத் தொறந்து அந்தப் புள்ளியப் பாருங்க.
தலை மட்டும் அசையக் கூடாதுங்க."
"சரிங்க" என்று தலையை ஆட்டினார்.
"சரிங்கன்னு சொல்றப்பவும் ஆட்டக் கூடாதுங்க."
"சரிங்க."
ஆட்டினார்.
மூன்று மில்லிமீட்டர் மரியாதை.
திரையில் மண்டையோடு
கல் விழுந்த கிணறு மாதிரி அலையடித்தது.
மென்பொருள் அதை இரைச்சல் என்கிறது,
வெட்டி எறியச் சொல்கிறது.
ஆறாவது முறைதான் படம் கிடைத்தது.

அதற்கு முன்னால் ஐந்து வார்த்தைகள்:
சீப்பு, கிணறு, மல்லி, சாவி, சிவப்பு.
இருபது நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும்.
நூறு பேருக்குச் சொல்லிச் சொல்லி
எனக்கு இனி எந்த நோயிலும் அவை போகாது.
அவர் மூன்று சொன்னார். நிறுத்தினார்.
எதிர்க் கண்ணாடியில்
மயிலாத்தாளின் உதடு சத்தமில்லாமல் 'சாவி' என்றது.
"சாவிங்க" என்றார்.
துணைவி உதவினார் என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.
நான்கு என்று போட்டேன்.

கிளம்பும்போது பல்லை மாட்டிக்கொண்டே கேட்டார்:
"எப்படிங்க இருக்குது?"
"படம் நல்லா வந்திருக்குதுங்க" என்றேன்.
அப்போது அது உண்மை.
படத்தைப் பற்றி மட்டும் உண்மை.

ராத்திரி ஒன்றரைக்கு அளந்தேன்.
அந்த இடத்துக்குக் கடல்குதிரை என்று பேர் வைத்தவன்
கடலோரத்துக்காரனாக இருப்பான்.
எனக்கு அது அவரைக்காய்.
போன முறை முற்றின காய்.
இந்த முறை பறித்து நாலு நாள் வைத்தது,
இடப்பக்கம் நூற்றுக்கு ஏழு குறைவு.
மறுபடி அளந்தேன். ஏழேகால்.
படிவத்தின் ஆறாம் பக்கம் சொல்கிறது:
முடிவுகள் பங்கேற்பாளருக்குத் தெரிவிக்கப்பட மாட்டாது.
அதன் கீழே அவர் கையெழுத்து,
கடைசி எழுத்தின் கால் கோட்டைத் தாண்டி நீண்டு.
மூன்றாவது படம் எடுக்கும்போது
இந்த நாற்காலியில் வேறு யாரோ இருப்பார்கள்.
அவர்களிடமும் தலையை ஆட்டுவார்.

காலை ஆறரைக்குப் போன்.
வணக்கம் இல்லை, பேர் இல்லை.
"மல்லிங்க."
"ஐயா?"
"அந்த அஞ்சாவது. மல்லி.
கருமத்தம்பட்டி தாண்டறப்ப வந்துருச்சுங்க.
ராத்திரியே கூப்பிட்டிருப்பேன்,
நேரமாயிருச்சுன்னு விட்டுட்டேன்."

அவர் பக்கம் யார் தறியோ ஓடிக்கொண்டிருந்தது.
மதிப்பெண் தாளில் பென்சிலால் ஐந்து என்று எழுதி
அழித்தேன்.
"சரிங்க" என்றேன்.
வேறு ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ,
இன்னும் வைக்கவில்லை.