பூசணம்

குத்தாயிசியில் எங்கள் தெருவுக்கே
ரொட்டி சுட்டவர் நோதார்.
அடுப்பு வெடித்து இன்று பதினோராம் நாள்.

தட்டின் மூடியைத் திறக்கிறேன்.
சாம்பல் நிறப் பஞ்சு,
அதன்மேல் மிளகுத்தூளாய்க் கரும்புள்ளிகள்.
புண்ணிலிருந்து கிள்ளியெடுத்த துணுக்கில் வளர்ந்தது.

இதற்குமுன் பார்த்திருக்கிறேன்,
என் சமையலறையில்,
சாப்பிட மறந்த அவர் ரொட்டியில்.
"ஓரத்தை வெட்டி எறிஞ்சிட்டு
மிச்சத்தைத் தின்னு, லமாரா!
நேத்து வரைக்கும் நல்ல ரொட்டிதானே?"
திட்டிக்கொண்டே சூடாக ஒன்று தருவார்,
காசு வாங்காமல்.

அறுவை அறைக்குப் போன் செய்தேன்.
பூஞ்சையின் பெயரை
இரண்டு தரம் எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.
மருத்துவர் ஒன்றே ஒன்று கேட்டார்:
எதுவரை வெட்ட?

லென்ஸுக்கடியில் நூல்கள்
நல்ல சதைக்குள்ளும் நடந்திருந்தன.

கறுத்தது முடியும் இடத்தில்
நிறுத்தாதீர்கள், என்றேன்.

வலது கை.
மாவைச் சுவரில் அறையும் கை.