விருந்தாளி வைஃபை

நவல்பூரில் மாடி வீட்டுக்காரர் தந்த வைஃபைக்கு
'விருந்தாளி' என்று பெயர்.
வாடகையோடு நூறு ரூபாய் சேர்த்து.

பிரஸ் மெஷின் இறங்கியதில் அவருக்கு
இரண்டு கையும் முழங்கைவரை வெள்ளைத் துணி.
வியாழக்கிழமை பஸ் ஏறி வேலூரில் கட்டு மாற்றுகிறோம்.
மற்ற ஆறு நாளும்
உள்ளறைக் கட்டிலில் அவர், ஸ்டாண்டில் போன்.
முன்னறையில் நான்
யார் யாருடைய மருந்து பில்லையோ
பில்லுக்கு ஒன்றே கால் ரூபாய் என்று
லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டிருப்பேன்.

"அமுலு, மேல தள்ளு."
எழுந்து போய்த் தள்ளுவேன்.
"அமுலு, விளம்பரம்."
ஒரு மணி நேரத்தில் பதினான்கு தடவை.
அன்றைக்கு இருநூறு பில்கூடத் தாண்டவில்லை.

அவர் போனை என் திரைக்குள் இழுத்துக்கொண்டால்
உட்கார்ந்த இடத்திலிருந்தே தள்ளலாமே.
ஒயர் ஆகாது. போனின் வாய் ஆடிப்போய்
சார்ஜ் ஏறுவதே அதற்குப் பெரிய பாடு.

'பில்டு எண்'ணை ஏழு முறை தட்டினேன்.
'நீங்கள் இப்போது டெவலப்பர்' என்றது.
யாரை என்று சொல்லவில்லை.

"நம்பர் சொல்லுங்க."
"நாலு, ஒம்போது, ஒம்போது, சைபர்... மாறிப்போச்சி."
"இப்ப?"
"ஏழு, ஏழு... இன்னா அவசரம் இதுக்கு, மறுபடியும் மாறிப்போச்சி."

ஆறு எண்ணும் ஒழுங்காகப் பிடித்த பிறகும்
சாதனம் கிடைக்கவில்லை என்றது கம்ப்யூட்டர்.
நாலு முறை கூப்பிட்டுப் பார்த்தது. நாலும் வழியில் தொலைந்தன.
எங்களுக்கு நடுவே இருப்பது பன்னிரண்டு அடி,
ஒரு பூப்போட்ட திரைச்சீலை.

மாடி வீட்டுப் பையன் ஹர்ஷவர்தன்தான் படியில் நின்று சொன்னான்:
விருந்தாளி வைஃபையில் எல்லாரும் வெளியே பேசலாம்,
ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியாதுக்கா.
எங்களைப் பற்றியே சொன்னதுபோல்
ஒரு நிமிஷம் சுருக்கென்றது.
அது முழு உண்மையும் இல்லை.
சோறு ஊட்டும்போது பேசிக்கொள்வோம்,
அவர் வாய் நிறைந்திருக்கும்போது நான் மட்டும்.

என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன்.
இரண்டையும் அதில் சேர்த்தேன்.
ஜோடி சேர்ந்தது என்றது. படம் வரவில்லை.
ஜோடி சேர ஒரு கதவெண்ணாம்,
சேர்ந்தபின் பேச வேறு கதவெண்ணாம்.
இது தெரிய ராத்திரி ஒன்றரை மணி ஆயிற்று.

சரியான எண்ணைப் போட்டதும்
"அமுலு, இன்னாவோ கேக்குது. அனுமதிக்கவான்னு கேக்குது."
எழப்போனேன்.
"இரு, இரு" என்றார்.
கட்டில் கிறீச்சிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
பிறகு, மூக்கால் அழுத்தியதாகச் சொல்லி
மூன்று வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

பில்களுக்குப் பக்கத்தில்
அவர் போன் உள்ளங்கை அகலத்துக்கு வந்து நின்றது.
நான் நகர்த்தினால் அரை நொடி யோசித்து நகர்ந்தது.
திறந்தபடி கிடந்தது ஒரு மெசேஜ், காண்டிராக்டர் கன்னியப்பனுக்கு:
'சார், எப்போ வேலைக்கு வரலாம் சார்'.
அனுப்பவில்லை.
எதால் அடித்திருப்பார்?
அதற்குமுன் மூக்கு உதவியதாக அவர் சொன்னதில்லை.

"பேங்க்ல எவ்ளோ கீது பாரு."
திறந்தேன். ஜன்னல் கறுத்தது.
மூடினால் படம், திறந்தால் கறுப்பு.
ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போட்டேன். கறுப்பு.
பணத்தை மட்டும் தூரத்திலிருந்து
காட்டமாட்டார்களாம். அது கோளாறு இல்லை, கட்டளை.

திரைச்சீலையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனேன்.
ரகசிய எண்ணை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
எண்ணூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
நட்ட ஈடு வரவில்லை.
இருவரும் ஒரே வெளிச்சத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அந்த மெசேஜை அனுப்பவா?" என்றேன்.
கட்டுப்போட்ட கையை மார்பில் தூக்கி வைத்துக்கொண்டு
கொஞ்சம் யோசித்தார்.
"எப்ப பணம் தருவேன்னு கேளு.
ரெண்டு 'சார்' கீதே, ரெண்டையும் எடுத்துட்டு அனுப்பு."