பதினெட்டாவது ஊர்

பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறவள்
எத்தனை தடவைதான் பல்வலி என்று விடுப்பெடுப்பது?
இந்த முறை உண்மையைச் சொல்லிவிட்டேன்:
‘ஊமை ரயில்’ தெற்கே போகிறது, டாக்டர்.
நானும் போகிறேன்.
கையுறையைக் கழற்றாமலே கேட்டார்:
“அந்தப் பக்கம் ரயிலை நிறுத்தி வருஷக்கணக்காச்சே?”

ரொசாரியோவிலிருந்து நாற்பத்தோரு பேர்.
நோர்பெர்த்தோவின் பேருந்து
வார நாட்களில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவது.
முழங்கால் முகவாயில் இடிக்கும்.
முன் இருக்கையின் முதுகில்
எந்தப் பொடியனோ காம்பஸால் கீறிய வாய்ப்பாடு:
ஏழெட்டு ஐம்பத்துநாலு.
எண்ணூறு கிலோமீட்டர்
அந்தத் தப்பைப் பார்த்துக்கொண்டே போனேன்.

எங்கள் பதாகை பன்னிரண்டு மீட்டர் நீளம்.
நடுவில் இருப்பது எலிடாவின் கல்யாணப் படுக்கை விரிப்பு.
கல்யாணம் முடிந்துபோனது, விரிப்பு மிச்சம்.
ஓரமெல்லாம் போன ஊர்களின் பெயர்,
ஒலவார்ரியாவில் ஒரு எழுத்து குறைகிறது.
மழையில் நனைந்தால் நாலு ஆள் சுமை,
நாய் நனைந்த வாடை.
இரவில் அதைத்தான் போர்த்திக்கொள்கிறோம்,
ஆளுக்கு ஒரு ஊர்.

ஒரே பத்தொன்பது பாட்டு,
அதைக் கேட்கவா இத்தனை தூரம் என்கிறான் தம்பி.
ஒரே பாட்டு என்று யார் சொன்னது?
ஹூனினில் மூன்றாம் பாட்டில் கம்பி அறுந்தது.
அசூலில் டிரம்காரர் ஒரே ஒரு அடி முந்திவிட்டார்.
உள்ளூர்க்காரர்கள் பாட்டுக்குக் குதித்துக்கொண்டிருக்க
நாங்கள் நாற்பத்தோரு பேரும்
சட்டென்று ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தோம்,
வீட்டில் பால் பொங்கி வழிந்த மாதிரி.

த்ரெஸ் அர்ரோயோஸ் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்.
விடிகாலை நாலு மணி.
வெந்நீர் எந்திரத்தின் வாயில் நாடா ஒட்டியிருந்தது.
அதன் முன்னால் காலி பிளாஸ்க்கோடு
சாம்பல் ஸ்வெட்டரில்
யாருடைய மச்சினன் போலவோ நின்றது
இலாரியோ.

மேடையில் ஆறடி.
இங்கே என் காது உயரம்.
தேன் இருக்கிறதா என்று கடைப்பையனிடம் கேட்டார்.
இல்லை.
தொண்டை கட்டியிருந்தது.
என் பிளாஸ்க்கைப் பார்த்தார்,
பிறகு என்னை.

பாதியை அவருக்கு ஊற்றினேன்.
பதினேழு ஊர், இரண்டு கடன்,
என் இருபத்தாறாம் வயதின் மருத்துவமனைச் சுவர்,
அதன் மறுபக்கம் எவனுடைய ரேடியோவிலோ அவருடைய முதல் பாட்டு
எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன.
வெளியே வந்தது:
“மூடி சரியாத் திருகாது. சூடு, பார்த்து.”

“தூரமா?”
“பாஹியா பிளாங்கா.”
“அங்கே யாரு?”
“சொந்தக்காரங்க.”

பல்வலியைவிட சுத்தமான பொய்.
“அங்கே காத்து ஜாஸ்தி,” என்றார்,
“காதை மூடிக்கோங்க.”
என்னிடம் போய்!

பேருந்தில் எலிடா தூக்கக் கலக்கத்தில் மாத்தே குவளையை நீட்டினாள்.
பாதித் தண்ணீர் எங்கேடி?
சிந்திவிட்டது என்றேன்.
இன்றுவரை அவளுக்குச் சிந்தியதுதான்.

அன்று இரவு பழைய தானியக் கொட்டகை.
ஒன்பதாம் பாட்டின் உச்சத்தில்
மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார்.
கூட்டம் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டது.
எனக்குத் தெரியும், தொண்டை.
முதன்முறையாக நான் குதிக்கவில்லை.
பந்தியில் பரிமாற ஆள் குறைந்தால்
சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்குவார்களே
அப்படிப் பாடினேன்,
அந்த நாலு வரியையும்,
சுருதி எப்படியிருந்தாலும்.

காலையில் பதாகையை
பேருந்தின் மூக்கில் விரித்து எழுத உட்கார்ந்தோம்.
காற்று ஜாஸ்திதான்.
‘பாஹியா’ வரைக்கும்தான் வந்தது பெயிண்ட்.
மீதியை அடுத்த தடவை எழுதலாம் என்றாள் எலிடா,
அடுத்த தடவை என்பது
மளிகைக் கடையில் கிடைக்கிற சாமான் மாதிரி.

திங்கள் ஒன்பது மணிக்கு
மூன்று பேருக்குப் பல் பிடுங்க நேரம் கொடுத்திருக்கிறேன்.
நோர்பெர்த்தோ,
கொஞ்சம் வேகமாகத்தான் ஓட்டேன்.