தூங்கினார்

பையில் இருப்பதையெல்லாம் எடுத்து வையுங்க என்றேன்.
சாவி. சில்லறை. வெள்ளி அரைஞாண்.
கடைசியாக, இருப்பதே மறந்துபோன மாதிரி,
ஒரு விசில். இரும்பு.

ஆறுச்சாமி, அறுபத்தாறு.
கோபாலபுரம் சோதனைச்சாவடியில்
இருபத்தெட்டு வருஷம் ராத்திரிக் கம்பி தூக்கியவர்.
இப்போது நடை பின்னுகிறது.
மகனைக் கூப்பிட
இரண்டு தம்பிமார் பெயரைத் தாண்டி வரவேண்டியிருக்கிறது.

போன மாதப் படத்தில் பார்த்தாயிற்று.
வெண்பொருளில் வெண்மைதான் நோய்:
சுவரடிக்கும்போது தரையில் தெறித்த சுண்ணாம்பு போல
அங்கங்கே.
டாக்டர் ஷைனி தேடுவது வேறு.
ரத்தக்குழாயை ஒட்டி ஒரு மயிரிழைச் சந்து,
அதில் நீர் எந்தப் பக்கம் நகர்கிறது,
மூளை தன் கழிவை எப்படி வெளியேற்றுகிறது.
ஊசி இல்லை, சாயம் இல்லை.
காந்தமும் கணக்கும்.
கடைசியில் ஓர் எண் வரும், ஒன்று புள்ளி ஏதோ.
அது கழிவைத்தான் சொல்கிறதா என்று கேட்டால்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
‘அப்படித்தான் நினைக்கிறோம்’ என்பார்.

‘கழிவா?’ என்றார் ஆறுச்சாமி, படுத்தபடி.
‘அது ராத்திரிலதான் வருமுங்க அம்மிணி.
மேல ரெண்டு வரிசை நேந்திரங்காய்.
அடியில ஆஸ்பத்திரிக் கையுறை, கோழி எறகு.
டார்ச்சு எதுக்கு, மூக்கு இருக்குதில்ல.
திருப்பி விட்டா வேலந்தாவளம் வழியா வரும்.
அங்கயும் மறிச்சா தென்னந்தோப்புக்குள்ள பூந்து வரும்.
எல்லாத்துக்கும் ஒரு சந்து இருக்குதுங்க.’

தூங்கக்கூடாது, தூங்கினால் கணக்கு மாறிவிடும் என்றேன்.
‘தூக்கமா? அது பென்சனோட சேர்ந்து வரலைங்க.’

மேசை உள்ளே போனது.
இயந்திரம் தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி பெய்வதுபோல் இரைந்தது.
வெளியே பாலக்காட்டுக் காற்று
ஜன்னல் கொக்கியை ஆட்டிக்கொண்டிருந்தது.
பதினொன்றாம் நிமிஷம்
திரையில் அவர் கண்கள் மூடின.
வாய் லேசாகத் திறந்தது.
மூச்சு வரைகோடு நீண்டு, தாழ்ந்து,
இன்னும் நீண்டது.

மைக் பொத்தான் மேல் என் விரல்.
எனக்கும் இது தொடர்ந்து மூன்றாவது இரவு ஷிஃப்ட்.
மகள் அனுப்பிய குரல்செய்திகள் நான்கு
கேட்காமல் கிடந்தன.
அழுத்தியிருக்க வேண்டும்.
அதற்குத்தான் சம்பளம்.

அந்தச் சந்தில் இப்போது நீர் வேகமெடுக்கிறதா?
எத்தனை வருஷத்து அழுக்கு?
என் திரையில் அது தெரியாது.
தெரிந்தது, தொண்டையில் ஒருமுறை விழுங்கியது மட்டும்.
விரலை எடுத்துவிட்டேன்.

குறிப்புக் கட்டத்தில் உள்ளதை எழுதினேன்:
தூங்கினார், பதினொன்றாம் நிமிஷம் முதல்.
எழுப்பவில்லை.
ஷைனி இந்த வரிசையை நீக்குவார்.
நாளைக்குக் கூப்பிட்டுக் கேட்பார். கேட்கட்டும்.

வெளியே வந்தவர் சட்டைக் காலரில் எச்சில் ஈரம்.
விசிலைக் கையில் கொடுத்தேன்.
சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்,
ஜீப் வெளிச்சம் முகத்தில் அடித்தமாதிரி:
‘முழிச்சுட்டுத்தானுங்க இருந்தேன்.
எழுதிக்கங்க.’