நாற்பத்து மூன்றாம் நாள்

'சிறு தொழில், பெரு வெற்றி':
பத்தடிக்கு நாலடி, மஞ்சள் பின்னணி,
கைகட்டி நிற்கும் பயிற்சியாளர் கணேந்திரன்.
அந்தப் பேனரை அச்சடித்தவள் நான்.
செந்தூலில், ரயில் தலைக்கு மேல் ஓடும் தெருவில்,
படிக்கட்டுக்கு அடியில் என் கடை.
அவர் கன்னத்துப் பருத்தழும்பைத் துடைத்ததும் நான்தான்,
இரவு ஒரு மணிக்கு,
கேட்காமலே, காசு வாங்காமலே.

விலை முந்நூற்று இருபது வெள்ளி.
'அடுத்த வாரம் தந்துடறேன், சிஸ்டர்.'
என் 555 நோட்டில் அவர் பெயர்
நாற்பத்து மூன்று நாள் குடியிருந்தது,
வாடகை இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை
பிரிக்பீல்ட்ஸ் மாடி அறைக்கு வசூலுக்குப் போனேன்.
வாசலில் ஒரு பெண் பெயர் கேட்டாள்.
மரகதவல்லி என்றேன்.
எழுதி நெஞ்சில் ஒட்டி
உள்ளே உட்கார வைத்துவிட்டாள்.

அறுபது நாற்காலி, பதினேழு பேர்.
கார் கழுவும் கடை முனீஸ்வரன்,
முறுக்கை ஏற்றுமதி செய்யக் கிளம்பிய தம்பதி,
ஒரு லோரியோடு இரண்டாவதற்கு ஏங்கும் தவசீலன்.
ஜன்னலுக்கு வெளியே மோனோரயில்
எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

மைக்கைத் தட்டினார். முதல் பாடம்:
'முப்பது நாளுக்கு மேல் கடன் கொடுக்காதீர்கள்.
கொடுத்தால் அது வியாபாரக் கணக்கில் வராது,
புண்ணியக் கணக்கில் வரும்.'
எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.
நானும் எழுதினேன், அதே 555இல்,
அவர் பெயருக்குக் கீழே.

கேள்வி உண்டா என்றார்.
கை தூக்கினேன்.
'நாற்பத்து மூன்று நாள் ஆகிவிட்டால்?'

என் நெஞ்சில் ஒட்டிய பெயரைப் படித்தார்.
திரும்பிப் பேனரைப் பார்த்தார்.
நான் துடைத்த தழும்பு
நிஜக் கன்னத்தில் சிவந்தது.

சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார்.
'ஹால் வாடகை தொள்ளாயிரம், சிஸ்டர்.
உள்ளே இருப்பவர்களில் ஆறு பேர்
அப்புறம் தருகிறோம் என்று வந்தவர்கள்.'
பையிலிருந்து எடுத்துக் காட்டினார்:
ஒரு 555 நோட்டு. என்னுடையதைவிடக் கிழிந்தது.
கடன்காரன்.
கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும்
தமிழ் ஏன் ஒரே சொல்லை வைத்திருக்கிறது என்பது
அந்தப் படிக்கட்டில் புரிந்தது.

நூற்று ஐம்பது கொடுத்தார்.
மிச்சத்துக்கு ஈடாக ஒரு மணி நேரம்
என் கணக்கைப் பார்த்தார்.
நல்ல வாத்தியார்தான், சொல்லாவிட்டால் பாவம்.
மை, துணி, மின்சாரம், கடை வாடகை,
வங்காளதேசப் பையனின் சம்பளம்,
எல்லாம் இருந்தன.
'ராத்திரி வேலைக்கு எவ்வளவு போட்டீங்க?'
விரலால் தேடினேன். அப்படி ஒரு வரியே இல்லை.
பதினொரு வருடமாக,
'நாளைக்கே வேணும்கா' என்று வந்தவர்களுக்கெல்லாம்
என் தூக்கத்தை இலவச இணைப்பாகக் கொடுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை சுவரில் ஒரு தாள் ஒட்டினேன்:
அவசர வேலைக்கு முப்பது விழுக்காடு கூடுதல்.
தண்ணீர்ப்பந்தல்காரர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.
கட்சிக்காரர் பேரமே பேசவில்லை.
அவருக்கு அடுத்த முறை ஐம்பது.

புதன் இரவு பத்தரை.
ஷட்டரைப் பாதி இறக்கியபோது ஒரு பையன் குனிந்து வந்தான்,
பள்ளிச் சட்டையோடு, கையில் போன்.
போனில் அவன் அப்பா,
யார் கல்யாணத்திலோ,
வாய் நிறையச் சோற்றோடு சிரிக்கிறார்.
'நாளைக்கு மத்தியானம் எடுக்கறாங்க அக்கா.'
சுவரைப் படித்தான்.
கால்சட்டைப் பையைத் தடவினான்.

பின்னால் இருந்த கூட்டத்தை வெட்டினேன்.
சிரிப்பைத் தொடவில்லை.
தோற்றம், மறைவு; தேதிகளை இரண்டு முறை சரிபார்த்தேன்.
மெஷின் சூடாவதற்குள் மார்க்கர் எடுத்து
தாளின் அடியில் எழுதினேன்:
'மரண அறிவிப்புக்கு இது பொருந்தாது.'

படம் எடுத்துக் கணேந்திரனுக்கு அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடு விழுந்தது.
வெகுநேரம் பதில் இல்லை.
பிறகு: 'அந்த மிச்ச நூற்றெழுபது வெள்ளியையும்
வெள்ளியன்று தந்துடறேன், சிஸ்டர்.'

எந்த வெள்ளி, தேதி போடுங்கள்
என்று பதில் எழுதினேன்.