ஐந்து சில்லுகள்

செம்பனார்கோவிலில் எங்கள் தெருவில்
சமையல் மேடை என்றால் கிரானைட்தான்.
நாத்தனார் தையல்நாயகி கேட்டேவிட்டாள்:
"கட்டைமேல் நறுக்குவது கசாப்புக் கடையில்தானே?"

பூவரசு. மூன்று பலகை, பசையிட்டு ஒட்டியது.
ஆரோக்கியம் இழைப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்:
"மரம் என் பொறுப்பு. மேலே பூசுவது உங்கள் பொறுப்பு.
அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

மாயவரத்தில் பெயின்ட் கடை முஸ்தபா
டப்பாக்களை வரிசையாக இறக்கினார்.
பாலியூரித்தேன்: பத்து வருஷம், கண்ணாடி மாதிரி.
அரக்கு பாலிஷ்: அழகு, ஆவிக்கு ஆகாது.
ஆளிவிதை எண்ணெய்: உள்ளே இழுக்கும், காய நாளாகும்.
தேங்காயெண்ணெய் போதாதா என்றேன்.
"அது காயவே காயாதும்மா. சிக்கு வாடை வரும்.
நான் காசு வாங்காமல் சொல்வது இது ஒன்றுதான்."

பதினான்கு வருஷமாகப் பள்ளிக்கூட ஆய்வகத்தில்
சோதனைக்குழாய் கழுவுகிறவள் நான்.
யார் பேச்சையும் ஒரு வாரம் ஊறவைத்துத்தான் நம்புவேன்.
மிச்சக் கட்டையில் ஐந்து சில்லு அறுத்து வாங்கினேன்.
நான்கில் நான்கு பூச்சு, பிடிவாதத்துக்குத் தேங்காயெண்ணெயும்.
ஐந்தாவது வெறும் மரம்.
"அது எதற்கு?" என்றார் ஜெயசேகரன்.
"ஒப்பிட."

மஞ்சள் கரைசல், ஓர் இரவு முழுக்க.
புளித்தண்ணீர். பிழிந்த எலுமிச்சை மூடி.
அடுப்பிலிருந்து இறக்கிய குக்கர், அப்படியே.
ஐப்பசி அடைமழை, சம்பா வயல் ஏரிபோல் கிடந்தது,
உள்பாவாடைகூடக் காயாத வாரம்.
எதையும் சோதிக்க நல்ல வாரம்.

அரக்கு முதல் குக்கருக்கே வெளுத்தது,
கண்ணில் புரை விழுந்தாற்போல.
தேங்காயெண்ணெய்ச் சில்லை எறும்பு எடுத்துக்கொண்டது.
பாலியூரித்தேன் எதற்கும் அசையவில்லை.
"முடிந்தது, இதுதான்" என்று எழுந்தார்.
நான் கத்தியை எடுத்து அதில் ஒரு கீறல் போட்டேன்.
மூன்றாம் நாள் கீறல் வழியே தண்ணீர் இறங்கி
ஆறிய பாலின் ஏடாகத் தோல் தூக்கியது.

எண்ணெய்ச் சில்லில் மஞ்சள் பிடித்தது, நன்றாகவே.
உப்புத்தாள், இன்னொரு கை எண்ணெய்,
திரும்பவும் மரம்.

"அப்போ எண்ணெய்."
"வருஷத்துக்கு இரண்டு தரம் தேய்க்கணும்.
யார் தேய்ப்பது?"

மழை கொஞ்ச நேரம் பெய்தது.

"நான்."
பரிசோதனை நோட்டை நீட்டினேன்.
தை, ஆடி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.
சிங்க் ஓரம் இரண்டடிக்கு மட்டும் பாலியூரித்தேன் அடித்தோம்;
அந்தக் கையெழுத்தை அவ்வளவுக்குத்தான் நம்பினேன்.

தையில் தேய்த்தார். பனியன் நனைய, மணல்போல் பொறுமையாக.
எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடப் போனவரைத் தடுத்தேன்:
விரித்துக் கொடியில் போடுங்கள்,
சுருட்டினால் தானே சூடேறித் தீப்பிடிக்கும்.
"தானாகவா?" என்று துணியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

இப்போது ஆடி பிறந்து பன்னிரண்டு நாள்.
வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது.
அடுப்போரம் மரம் வெளிறியிருக்கிறது.
விரலில் தொட்டுத் தெளித்துப் பார்க்கிறேன்:
சிங்க் பக்கம் துளி உருண்டு நிற்கிறது,
இந்தப் பக்கம் மெல்ல உள்ளே போகிறது.
நடுவில் ஒரு கோடு, நகம் உணரும் அளவுக்கு.
ஐந்தாவது சில்லில் என் டீ தம்ளர் நிற்கிறது,
வட்டத்தின்மேல் வட்டம்.

நான் எதுவும் சொல்லவில்லை.
தையில் போட்ட துணி
பலகையாய் விறைத்துக் கொடியில் தொங்குகிறது.
அதை ஒதுக்கிவிட்டுத்தான்
தினமும் சட்டை எடுக்கிறார்.